மாப்பிள்ளை குரலில் ஒரு திருடன்

பேரன்புக்குரிய மாப்பிள்ளைக்கு மாமா எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் அத்தையும் சுகம். படியில் இடித்துக்கொண்ட கால்விரலைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே நீங்களும், அடுத்த மாதம் பிரசவத்தை எதிர்பார்த்திருக்கும் என் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்வதை விட்டுத் தபாலில் எழுதுகிறாரே என்று நினைக்காதீர்கள். போனை அணைத்து அரிசி டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். காரணத்தைக் கேட்டால் நீங்களே என் முதுகில் தட்டிக்கொடுப்பீர்கள்.

போன தடவை வந்தபோது எங்களை உட்காரவைத்து, "மாமா, இப்பல்லாம் பணத்தை மட்டும் திருடறதில்லை, ஆளையே திருடறாங்க. உங்க பேரு, பிறந்த தேதி, கையெழுத்து கிடைச்சா போதும், நான்தான் அவருன்னு ஒருத்தன் கிளம்பிடுவான்" என்று சொன்னீர்களே, வங்கியில் மோசடிப் பிரிவில் இருப்பவர் சொன்னால் சும்மாவா, அன்றைக்கே வாசல் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டேன். புதிதாக வந்த தபால்காரர் நாங்கள் வீடு மாறிவிட்டதாக நினைத்துக் கடிதங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார், அதுவும் ஒரு பாதுகாப்புதான் என்று விட்டுவிட்டேன். பெயர் இருந்த காகிதத்தையெல்லாம் பொடிப்பொடியாகக் கிழித்ததில் உங்கள் அத்தையின் புதுக் கண்ணாடிக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டும் சேர்ந்து போய், அவள் இன்னும் பழைய கண்ணாடியோடு என்னை முறைத்துக்கொண்டிருக்கிறாள். செருப்புக்கடையில் பிறந்த தேதி கேட்டார்கள், பொய்த் தேதி கொடுத்தேன். அந்தத் தேதியில் கடையிலிருந்து வாழ்த்து வந்தது. உண்மையான பிறந்தநாளை மறந்துபோன உங்கள் அத்தை, அதைப் பார்த்துவிட்டு அவசர அவசரமாக எனக்கு ஒரு சட்டை வாங்கிவந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. சட்டை நன்றாக இருக்கிறது.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது நீங்கள் சொல்லிக்கொடுத்த ரகசியச் சொல்தான். அவசரம் என்று யார் கூப்பிட்டாலும் முதலில் அதைக் கேட்க வேண்டும், சொல்லாவிட்டால் போனை வைத்துவிட வேண்டும். நாம் எல்லோரும் சேர்ந்து 'குடை' என்று முடிவு செய்தோம். ஆனால் நான் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன். ஒரே டிக்கெட்டை எல்லா நாளும் செல்லவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் சொல்லை மாற்றிவிடுகிறேன். வெளியே கசிந்துவிடக் கூடாதே என்று யாரிடமும் சொல்வதில்லை. உங்களிடமும்தான்.

அது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று நேற்றுக் காலையில் தெரிந்தது. முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோது தெரியாத நம்பரிலிருந்து ஒரு போன். "மாமா, நான்தான் மாமா. பாப்பா பிறந்துட்டா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க." அசல் உங்கள் குரல், மாப்பிள்ளை, எங்கேதான் பழகினானோ. என்னப்பா நம்பர் புதுசா இருக்கே என்றால், என் போன்ல சார்ஜ் இல்லை, ஆஸ்பத்திரி போன்ல பேசறேன் என்கிறான். சரி, ரகசியச் சொல்லைச் சொல்லு என்றேன். "குடை" என்றான். அங்கேயே மாட்டிக்கொண்டான். பழைய சொல் எப்படியோ வெளியே போயிருக்கிறது பாருங்கள். அதோடு விட்டேனா, பிரசவம் அடுத்த மாசந்தானே, என் பொண்ணு பள்ளிக்கூடத்துக்கே மணி அடிச்ச பிறகு போனவ, அவளாவது சீக்கிரமாப் பெத்துக்கறதாவது என்று மடக்கினேன். உடனே அழ ஆரம்பித்துவிட்டான். "உங்க மூக்கு மாமா, அப்படியே உங்க மூக்கு" என்கிறான். உங்களை நான் சிரித்தே பார்த்ததில்லை, அழுவீர்களா நீங்கள்? உண்மையைச் சொன்னால், மூக்கு என்றதும் மனசு ஒரு நிமிஷம் ஆடித்தான் போச்சு. ஆனாலும் விடவில்லை. "உன் மூஞ்சிக்குப் பிள்ளை ஒரு கேடா, போய் வேற வீட்டைப் பாருடா" என்று வைத்துவிட்டேன். யாருங்க என்ற உங்கள் அத்தையிடம் ராங் நம்பர் என்று சொல்லிவிட்டு, இரண்டு பேர் போனையும் அரிசிக்குள் புதைத்தேன். நேற்று முழுவதும் எனக்கு நல்ல பசி, நல்ல தூக்கம்.

என் மகளைக் கனமான எதையும் தூக்கவிடாதீர்கள். நீங்கள் இருவரும் இன்னொருவரோடு சேர்ந்து நிறைந்து வாழ வேண்டும். நல்ல சேதி வரும்போது கூப்பிடுங்கள், மறக்காமல் ரகசியச் சொல்லோடு.

இப்படிக்கு,
பாதுகாப்பை முன்னிட்டுப் பெயர் எழுதாத
உங்கள் மாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது மாடிவீட்டுத் தையற்காரம்மா தன் போனோடு இறங்கிவந்தார். அதில் ஒரு படம். என் மூக்கேதான், மாப்பிள்ளை. கூடவே என் மகள் குரல்: "அப்பா, என்கிட்ட ரகசியச் சொல் கேட்டீங்கன்னா, பிள்ளையைத் தூக்கிக்கிட்டு நேரா அங்க வந்து நிப்பேன்." மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள், அந்த மூஞ்சி விஷயத்தை முதலில். உங்கள் அத்தை பெட்டி கட்டிவிட்டாள், என்னோடு பேசுவதில்லை. இதைத் தபாலில் போடவில்லை, மாலை ரயிலில் கையோடு கொண்டுவருகிறேன். வாசலில் நிறுத்திச் சொல் மட்டும் கேட்டுவிடாதீர்கள். இந்த வாரத்துச் சொல் எனக்கே மறந்துபோச்சு. மூக்கைப் பார்த்து உள்ளே விடுங்கள்.