குறிப்புக் கட்டம்

மோட்டாரைப் போட்டது எட்மண்ட்தான். மறுக்க வழியில்லை. காலை ஆறு பத்துக்குப் போட்டதாக அவரே நோட்டில் எழுதி, பக்கத்தில் F2 என்று வீட்டு எண்ணையும் போட்டிருந்தார். நிறுத்தியதாக எழுதவில்லை. ஏனென்றால் நிறுத்தவில்லை. போட்டுவிட்டுக் குளித்து, இட்லி சாப்பிட்டு, செம்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் கிழக்குத் தாம்பரம் போய், கோச்சிங் சென்டரில் முப்பது பேருக்கு முன்னால் நின்று, "ஒரு பத்தியைப் படிக்கும்போது எழுதினவங்க மனசுல என்ன இருக்குன்னு கவனிக்கணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தபோதுதான், தன் மனதில் எது இல்லாமல் போயிற்று என்பது அவருக்கு நினைவு வந்தது.

வெளியே ஓடி வந்து வீட்டுக்குப் போன் செய்தார். மனைவி ஜென்சி எடுத்தாள்.

"மோட்டார்தானே? கீழ் வீட்டுல நிறுத்திட்டாங்க. மீன்காரம்மா வந்தா இன்னிக்கு வேண்டாம்னு சொல்லிடறேன். நம்ம மொட்டை மாடியிலேயே பிடிச்சுக்கலாம்."

இதையெல்லாம் ரசிக்கிற நிலையில் எட்மண்ட் இல்லை. அவர் கவலை வேறு. மஸ்கட்டில் இருக்கிற வீட்டு ஓனர், பதினோரு மாத ஒப்பந்தம் முடிகிற போதெல்லாம் கீழ்வீட்டுப் பூவராகனுக்குப் போன் போட்டு, "ஆள் எப்படி, தொடரலாமா?" என்று கேட்பார். பூவராகன் குடியிருப்போர் சங்கச் செயலாளர். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசாதவர். அவர் தலையசைத்தால் இருக்கலாம், இல்லையென்றால் கிளம்ப வேண்டியதுதான். இந்த மாதக் கடைசியோடு ஒப்பந்தம் முடிகிறது.

நாலு வருஷத்தில் இது நாலாவது வீடு. முதல் வீடு குழாயை மூடாததால் போயிற்று, இரண்டாவது கேட்டை மூடாததால், மூன்றாவது வாயை மூடாததால். "இன்னொரு தடவை அட்டைப்பெட்டி கட்டச் சொன்னா, முதல் பெட்டியில உங்களைத்தான் வெச்சுக் கட்டுவேன்" என்று ஜென்சி இங்கே குடிவந்த அன்றே சொல்லியிருந்தாள்.

அந்த ஆறு வீட்டுக் குடியிருப்பில் மோட்டாருக்கு ஒரு நோட்டு உண்டு. சுவிட்சுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும், சணலில் பேனா கட்டியிருக்கும். நாளுக்கு ஒரு வீடு முறை. தேதி, போட்ட நேரம், நிறுத்திய நேரம், கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். கட்டடம் கட்டிய நாளிலிருந்து அந்தக் கடைசிக் கட்டத்தில் யாரும் எதுவும் எழுதியதில்லை.

மத்தியானம் எட்மண்ட் வீட்டுக்கு வந்தபோது எழுதியிருந்தது.

'8.40க்கு நிறுத்தியது: G1. தொட்டி நிரம்பியது. மாடியில் காய வைத்த கூழ்வத்தலும் நிரம்பியது.'

G1 பூவராகன் வீடு.

எட்மண்ட் மூன்று முறை படித்தார். முதல் முறை பயந்தார். இரண்டாம் முறை தொழில் புத்தி விழித்துக்கொண்டது. மூன்றாம் முறை உதட்டோரம் சிரிப்பு வந்துவிட்டது. பதினோரு வருஷமாக அவர் பிழைப்பே இதுதான். சிறுசேரியிலும் நாவலூரிலும் ஐ.டி. வேலைக்குப் போக நுழைவுத் தேர்வு எழுதுகிற பிள்ளைகளுக்கு, எழுத்தாளரின் தொனி என்ன, நோக்கம் என்ன என்று கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுப்பது. கோபம், கிண்டல், கவலை, பரிவு என்று இருபத்தேழு தொனிகளைச் சார்ட்டில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்.

"ஜென்சி, இதைப் பாரேன்" என்று நோட்டைக் கையோடு மேலே கொண்டுவந்துவிட்டார். "திட்டவே இல்ல. ஒரு வார்த்தை கூட உயர்த்திச் சொல்லல. 'நிரம்பியது'ன்னு ரெண்டு தடவை. அந்த ரெண்டாவது 'நிரம்பியது' இருக்கே, அது கத்தி. மனுஷன் வாயே திறக்கிறதில்ல, உள்ளுக்குள்ள எப்படிப்பட்ட எழுத்தாளன் உட்கார்ந்திருக்கான் பாரு."

ஜென்சி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "நோட்டைத் தொங்கவிட்டுட்டு வாங்க" என்றாள்.

அன்று சாயங்காலமே எட்மண்ட் மன்னிப்பு எழுதினார். சாதாரண மன்னிப்பு அல்ல, பணிவான தொனி. தண்ணீரின் அருமையில் ஆரம்பித்து, தன் மறதியின் வரலாற்றைத் தொட்டு, வத்தலுக்கு இரங்கல் தெரிவித்து முடிப்பதற்குள் குறிப்புக் கட்டம் போதாமல் பக்கத்துக் கட்டங்களுக்குப் பரவி, அடுத்த நாலு நாளுக்கான இடத்தையும் பிடித்துக்கொண்டது.

மறுநாள் முறைக்காரர் இரண்டாவது மாடி ஏகநாதன். நேரம் எழுத இடமில்லாததால் எழுதாமல் போனார். அவர் போட்டு நிறுத்தியது தெரியாமல் எதிர்வீட்டுச் சம்பத் மறுபடி போட்டார். மொட்டை மாடி மறுபடி நனைந்தது. அதற்கு மறுநாள் G1-இலிருந்து குறிப்பு வந்தது.

'மன்னிப்பு கிடைத்தது. நேரம் எழுதத்தான் இடம் கிடைக்கவில்லை.'

எட்மண்ட் நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"இந்த மாதிரி ஒரு ஆளோட ஒரே வீட்டுல இருக்கக் கொடுத்து வெச்சிருக்கணும் ஜென்சி. எந்நேரமும் எவ்வளவு சுவாரசியமா இருக்கும்."

"அந்த வீட்டுல இருக்கிறவங்களுக்கு அது தெரியணுமே" என்றாள் ஜென்சி.

"அவர் மிஸஸ் சரளாம்மாவைச் சொல்றியா? பாவம், அவங்க சாதாரணமானவங்க. வீட்டுக்குள்ள இருக்கிற பெரிய மனுஷங்களை வீட்டுல இருக்கிறவங்க கண்டுக்கறதில்ல."

ஜென்சி ஒரு நிமிஷம் அவரையே பார்த்தாள். பிறகு வெங்காயத்தை எடுத்தாள்.

ரசனை ஒரு பக்கம் இருக்க, பயம் கூடிக்கொண்டே போயிற்று. இவ்வளவு அழகாகக் குத்துகிற ஆள் மஸ்கட்டுக்கு எவ்வளவு அழகாகச் சொல்வார்? செயலில் காட்டிவிடுவது என்று எட்மண்ட் முடிவெடுத்தார். தாம்பரம் மார்க்கெட்டில் தொட்டிக்கு ஓர் அலாரம் வாங்கினார். தண்ணீர் நிரம்பியதும் ஒரு பெண் குரல் மூன்று மொழிகளில் சொல்லும். எலெக்ட்ரீஷியன் வரும்வரை பொறுக்காமல் தாமே மேலே ஏறி, ஒயரைத் தொட்டிக்குள் இறக்கினார். கொஞ்சம் தாராளமாகவே இறக்கிவிட்டார்.

மறுநாள் காலை ஆறரைக்குப் பாதித் தொட்டி நிறைந்ததுமே அந்தப் பெண் முழங்க ஆரம்பித்தாள். முறைக்காரர் மோட்டாரை நிறுத்தினார். ஆனாலும் அவள் ஓயவில்லை. கடைசியில் யாரோ பியூஸைப் பிடுங்கினார்கள். எட்டரை மணிக்குத் தொட்டி காலி. பிடுங்கிய வேகத்தில் பியூஸ் உடைந்து மோட்டாருக்கும் கரண்ட் போயிருந்ததால் மறுபடி போடவும் முடியவில்லை. தலையெல்லாம் சோப்பு நுரையோடு துண்டைக் கட்டிக்கொண்டு சம்பத் F2 கதவைத் தட்டினார்.

"சார், ஒரு பக்கெட் தண்ணி இருந்தா குடுங்க. அப்புறம் அந்த லேடிகிட்ட, தண்ணி நிரம்பலைன்னும் மூணு மொழியில சொல்லச் சொல்லுங்க."

குறிப்புக் கட்டத்தில் பதினோரு மணிக்குள் வந்துவிட்டது.

'அலாரம் அருமை. பாதி நிறைந்ததற்கே இவ்வளவு சந்தோஷம். இப்படி எல்லோருக்கும் வாய்க்காது.'

எட்மண்ட் அங்கேயே நின்று அதை மறுபடி படித்தார். இதில் கேலி இருக்கிறது, சரி. ஆனால் கேலிக்கு அடியில் வேறு ஏதோ கதகதப்பாக இருந்தது. சார்ட்டில் இருந்த இருபத்தேழில் எதிலும் அது அடங்கவில்லை. மூன்று குறிப்புகளையும் ஜெராக்ஸ் எடுத்து வகுப்புக்குக் கொண்டுபோனார்.

"தொனி என்ன? எழுதினவர் வெளியே அமைதி, உள்ளே நெருப்பு. வயசு அறுபதுக்கு மேல. வாழ்க்கையைப் பார்த்தவர். கரெக்டா?"

பெரும்பாலானோர் 'கிண்டல்' என்று டிக் அடித்தார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த சத்யப்ரியா மட்டும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோபமா எழுதின மாதிரி தெரியல சார். உங்களை... அதாவது இந்த F2-வை ரொம்ப நாளா தெரிஞ்சவங்க எழுதின மாதிரி இருக்கு. பிடிச்சவங்க மாதிரி."

"அப்படி ஒரு ஆப்ஷன் இருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப எதுக்கு யோசிக்கிறே? நெகட்டிவ் மார்க் உண்டு, ஞாபகம் வெச்சுக்கோ."

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருந்தது. மஸ்கட்டிலிருந்து தகவல் இல்லை. ஜென்சி கவலைப்பட்டதாகவே தெரியவில்லை, புதிதாக ஜன்னல் திரைக்கு அளவு வேறு எடுத்துக்கொண்டிருந்தாள். நிலைமையின் தீவிரம் புரியாத பெண் என்று எட்மண்ட் இரக்கப்பட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும், கடையில் வாங்கிய இரண்டு பாக்கெட் வத்தலோடு G1-இன் அழைப்பு மணியை அழுத்தினார்.

பூவராகன் பனியனோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எட்மண்ட் உட்காரவில்லை. நின்றபடியே, தான் மூன்று வீடுகளை இழந்தவன் என்றும், நாலாவதை இழந்தால் அட்டைப்பெட்டிக்குள் போக வேண்டியவன் என்றும் சொல்லிவிட்டு, விஷயத்துக்கு வந்தார்.

"வீட்டை விட்டுப் போகச் சொன்னாலும் பரவாயில்ல சார். ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போயிடறேன். பதினோரு வருஷமா மத்தவங்க எழுத்தை அறுத்துப் பாக்கிறதுதான் என் வேலை. உங்க மாதிரி ஒருத்தரை நான் படிச்சதில்ல. ஒரு வார்த்தை அதிகமில்ல, ஒரு வார்த்தை குறைச்சலில்ல. ஒவ்வொரு தடவையும் வெட்கமா இருக்கும். வெட்கப்பட்டுக்கிட்டே சிரிப்பேன். அடுத்தது எப்ப வரும்னு காத்துக்கிட்டு இருப்பேன். கடைசியா எழுதினதைப் பர்ஸ்ல வெச்சிருக்கேன் சார்."

பூவராகன் கண்ணாடியைக் கழற்றினார்.

"எதை எழுதினேன்?"

"மோட்டார் நோட்டுல. குறிப்புக் கட்டத்துல."

"அதுல கட்டம் இருக்கா?" பூவராகன் உண்மையிலேயே யோசித்தார். "நான் மாசம் ஒரு தடவை நேரத்தை மட்டும் கூட்டிப் பாப்பேன் சார், கரண்ட் பில்லுக்கு. எனக்கு எழுத்தெல்லாம் வராது. பையன் டெல்லியிலிருந்து லெட்டர் போட்டா பதிலுக்கு 'நலம்'னு ஒரு கார்டு போடுவேன், அவ்வளவுதான்."

எட்மண்ட் வத்தல் பாக்கெட்டை மேஜை மேல் வைத்தார்.

"அப்ப மஸ்கட்..."

"அவர் அஞ்சாம் தேதியே கேட்டாரே. தங்கமான குடும்பம், இருக்கட்டும்னு சொல்லிட்டேன். அன்னிக்கே உங்க மிஸஸ் வந்து விசாரிச்சாங்க, அவங்ககிட்டயும் சொன்னேன். உங்ககிட்ட சொல்லலையா?"

அஞ்சாம் தேதி. தொட்டி வழிந்தது பத்தாம் தேதி. எட்மண்ட் இப்போது உட்கார்ந்தார். வீடு தப்பிவிட்டது, அதற்குச் சந்தோஷப்படவேண்டும் என்று தெரிந்தது. ஆனால் இருபது நாளாகத் தலையில் தூக்கி வைத்துக் கூத்தாடிய ஒரு பெரிய எழுத்தாளர், கண்ணெதிரே பனியன் போட்ட பூவராகனாகி, பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

காபி டம்ளரோடு சரளா சமையலறையிலிருந்து வந்தார். வத்தல் பாக்கெட்டை ஒரு பார்வை பார்த்து, ஓரமாக வைத்தார். புடவைத் தலைப்பால் வாயை மூடியிருந்தார், இருமலை அடக்குகிறவர் போல.

எட்மண்ட் எழுந்து நின்றார்.

"நீங்களா எழுதினீங்க? தயவு செஞ்சு மறைக்காம சொல்லிடுங்கம்மா. கேலி பண்றதுக்கா, கண்டிக்கிறதுக்கா, எதுக்காக எழுதினீங்க? எனக்குத் தெரிஞ்சாகணும். நான் இதை வெச்சுப் பாடமே நடத்தியிருக்கேன்."

"கையெழுத்து மட்டும்தான் சார் என்னோடது" என்றார் சரளா. "வாசகமெல்லாம் உங்க ஜென்சி சொல்லச் சொல்ல எழுதினது. வாயால சொன்னா நீங்க காதுல வாங்க மாட்டீங்களாம், யாரோ எழுதினதுன்னா ரசிச்சுப் படிப்பீங்களாம்."