மூவாயிரத்தோடு போச்சா?

"நஷ்டம் மூவாயிரம்னு போடுங்கம்மா. கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்புங்க," என்றார் ஏட்டு.

தையற்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை கடைப் பூட்டை உடைத்து, எவனோ தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். இருந்தது அது ஒன்றுதான். அது ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

"மூவாயிரம் மிஷினோட விலை சார். உடைஞ்ச பூட்டு? பிளந்த கதவு? இன்னிக்குப் பொழப்பை விட்டுட்டு இங்க உக்காந்திருக்கேனே, அதுக்கு யாரு குடுப்பா?"

"அதெல்லாம் நஷ்டத்துல வராதும்மா."

"எனக்கு வந்திருக்கே!"

ஏட்டு தலையைச் சொறிந்தார். "சரி, மொத்தமாக் கூட்டி எழுதிட்டு வாங்க. அடிச்சுத் திருத்தக் கூடாது. அந்த நஷ்டக் கட்டம் நிரம்பினாத்தான் புகாருக்கு நம்பர் விழும். நம்பர் விழாம நாங்க ஒரு துரும்பைக்கூட அசைக்க முடியாது."

செவ்வாய்க்கிழமை நாலாயிரத்து இருநூறு என்று எழுதிக்கொண்டு போனாள். ஏட்டு பேனாவைத் திறந்தார்.

"இருங்க சார்! இங்க வந்த பஸ் காசை விட்டுட்டேன். இன்னிக்குக் கூலியும் போச்சு. வேற ஃபாரம் குடுங்க."

புதன்கிழமை ஐயாயிரத்து நானூறு. அன்றைக்கென்று பார்த்து, பள்ளிச் சீருடை தைக்கக் கொடுத்தவர்கள் துணியைத் திருப்பி வாங்கிப் போய்விட்டார்கள். மறுபடி வேறு ஃபாரம்.

வியாழக்கிழமை வீட்டுக்காரர் மெல்ல வாயைத் திறந்தார். "மூவாயிரம்னே போட்டுத் தொலைச்சிடேன்."

"ஏன் போடணும்? திருடினவன் எவனோ, தண்டம் அழறது நானா? மிஷின் மட்டுமா போச்சு? என் உழைப்பும்தான் களவு போயிருக்கு. அதை அவங்க எழுதித்தான் ஆகணும்!"



வெள்ளிக்கிழமை அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். அன்றைய கூலி, போக வரப் பஸ் காசு எல்லாவற்றையும் முன்கூட்டியே சேர்த்து, ஏழாயிரத்து முந்நூற்றைம்பது என்று எழுதி மேஜைமேல் வைத்தாள்.

"ஒரு பைசா குறைக்க மாட்டேன் சார். குறைச்சா நாளைக்கும் வருவேன். அதையும் சேர்ப்பேன்."

சொன்னபடி வருவாள் என்று ஏட்டுக்குத் தெரியும். முத்திரை குத்தி, நம்பர் போட்டுக் கொடுத்தார்.

தையற்காரி ஜெயித்துவிட்டாள். தாளைக் கொடி மாதிரி பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வராந்தாவைப் பெருக்கிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள்.

"நம்பர் விழுந்துடுச்சாக்கா? அப்பாடா! அப்படியே பின்னால இருக்குற உங்க மிஷினையும் எடுத்துட்டுப் போயிடுங்க. திங்கக்கிழமை சாயங்காலத்துலேருந்து அதைச் சுத்திச் சுத்தியே பெருக்கிக்கிட்டிருக்கேன்!"