நீலம் இறக்கிய சாமி

ஆறு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அன்று காலை நின்ற வரிசையைப் பார்த்தால், ஏதோ இலவச மருத்துவ முகாம் என்று நினைத்திருப்பீர்கள். ஒரே வித்தியாசம், நோயாளிகளுக்குக் கை கால் கிடையாது. வக்கீல் குமாஸ்தா ஒருவர் கணினிப் பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் வைத்திருந்தார். தினமும் நாலு பேருக்கு ஊசி போடுகிற பல் டாக்டர், தன் லேப்டாப்பைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். பயண ஏஜெண்டின் பெட்டிக்கு வெயில் படாமல் அவர் மனைவி குடை பிடித்தாள். ஏஜெண்டின் வழுக்கையை வெயில் தன் பாட்டுக்கு வறுத்துக்கொண்டிருந்தது.

எல்லாப் பெட்டிக்கும் ஒரே வியாதி. தூங்கினால் எழுந்திருப்பதில்லை.

வேலையைத் திறந்தபடியே விட்டு, கணினியை அணைக்காமல் தூக்கத்தில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போவது அந்தக் கட்டடத்து வழக்கம். வந்து பொத்தானைத் தொட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இரண்டு மாதமாக அது நடக்கவில்லை. பொத்தானைத் தொட்டதும் திரை முழுக்க நீலமாகும். வெள்ளை எழுத்தில் ஏதோ முனகும். அவ்வளவுதான், போய்ச் சேர்ந்துவிடும். சேமிக்காத வேலையும் கூடவே போய்விடும்.

கணினி மெக்கானிக் வந்தார். மூன்றாம் மாடியிலிருந்து ஒரு பெட்டியைத் தன் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்த் தூங்கவைத்து எழுப்பினார். சமர்த்தாக எழுந்தது. திரும்பக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மதியமே நீலம். "பெட்டில ஒண்ணும் இல்லீங்க. உங்க எடத்துலதான் ஏதோ இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மனிதர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. கேட்டவர்கள்தான் மேசையைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார்கள். பேய் மேசை மேலா உட்காரும்?

அடுத்த வாரமே எழுப்புச் சாமி வந்து இறங்கினார். யார் கூப்பிட்டார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நீல அங்கி, நெற்றி நிறைய நீலப் பொட்டு, கழுத்தில் டாக்டர் மாட்டுகிற ஸ்டெதஸ்கோப். ஆன்மிகம் வேண்டியவர்களுக்கு அங்கி, விஞ்ஞானம் வேண்டியவர்களுக்கு ஸ்டெதஸ்கோப். யாரும் மனக்குறையோடு திரும்பக்கூடாது அல்லவா.

"பாம்பு கடிச்சா ஒடம்பு என்ன நெறம் ஆகுது?" என்று கேட்டார் சாமி.

"நீலம்" என்றது கூட்டம்.

"பெட்டி சாகும்போது என்ன நெறம் ஆகுது?"

"நீலம்."

"இதுக்கு மேல உங்களுக்கு என்ன ஆதாரம் வேணும்?"

யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. பெட்டி தூங்கும்போது அதன் உயிர் வெளியே உலாத்தப் போகிறதாம். திரும்பும் வழியில் விஷக் காற்று தீண்டிவிடுகிறதாம். மேல்படிப்புப் படித்த ஆடிட்டர் ஒருவர் இதைக் கேட்டுத் தலையாட்டியது மட்டுமல்ல, பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கமும் சொன்னார்.

"நல்லவேளை, உங்க கிட்ட காவல் விளக்கு இருந்துச்சு. இல்லேன்னா விஷம் மனுஷங்களையே தாக்கியிருக்கும்" என்று சாமி முடித்தபோது பலருக்கு மயிர்க்கூச்செறிந்தது. இரண்டு மாதத்துக்கு முன் யாரோ ஒரு சிரித்த முகத்துக்காரர் மாடி மாடியாக ஏறி, மேசைக்கு ஒன்றாக இலவசமாய்க் கொடுத்துவிட்டுப் போன விளக்கு அது. கட்டைவிரல் அளவு, பூ மாதிரி. கணினியின் பக்கத்துத் துளையில் சொருகினால் நீலமாய் மினுக்கும். அதிர்ஷ்டம் தரும் என்றார். இலவசமாக வந்த அதிர்ஷ்டத்தை யார் வேண்டாம் என்பார்கள்?

பெட்டியை விளக்கோடுதான் கொண்டுவர வேண்டும், கழற்றவே கூடாது என்பது சாமியின் கண்டிப்பு. கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளே தனியாக நீலம் இறக்குவார். வேர்வையோடு வெளியே வந்து, "விஷத்த எல்லாம் விளக்கு உறிஞ்சிடுச்சு. இனிமே இது இங்க இருக்கக்கூடாது" என்று விளக்கைத் தன் பைக்குள் போட்டுக்கொள்வார். அதற்குப்பின் பெட்டி எத்தனை முறை தூங்கினாலும் எழுந்தது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. காணிக்கைத் தட்டு நிறைந்தது.

வரிசைக்காரர்களைக் காக்கவைத்துவிட்டு, அன்று சாமி முதலில் ஏறியது மூன்றாம் மாடிக்கு. அங்கே வீட்டு வரைபடம் போடும் அலுவலகம். பெரிய இடம், பெட்டிகள் அதிகம். முதலாளி இளைஞர். அவருடைய அண்ணனும் அண்ணியும் சேர்ந்து ஆரம்பித்த தொழில். அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார். ஜன்னலோர மேசையில் அண்ணி இன்னும் கோடு போடுகிறார். அலுவலகம் முழுவதுக்கும் அவர் அண்ணிதான். அவர் போட்ட மாடிப்படியில் யாருக்கும் தலை இடித்ததில்லை.

சாமி ஒவ்வொரு பெட்டியிலும் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். உள்ளறைக்கு எடுத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நீலம் இறக்கினார். விளக்குகளைப் பைக்குள் போட்டார். அண்ணியின் பெட்டிக்கு வந்ததும் நின்றார்.

"இது எத்தன தடவ செத்துச்சு?"

"ஒரு தடவகூட இல்ல" என்றார் அண்ணி.

சாமி இரண்டு அடி பின்வாங்கினார். அண்ணியின் வெறுங்கழுத்தைப் பார்த்தார். "வீட்டுக்காரர் இருக்காரா?"

"இல்ல."

"அதான பார்த்தேன். அத்தன பெட்டியும் சாகுது, இது மட்டும் குத்துக்கல்லாட்டம் நிக்குது. மத்த பெட்டியோட உயிர எல்லாம் இதுதான் குடிக்குது. இந்த அம்மா கை இந்த எடத்துல பட்டுக்கிட்டு இருக்கிற வரைக்கும் நான் எறக்குற நீலம் மறுபடி ஏறிக்கிட்டுதான் இருக்கும்."

கெட்டுப்போன பெட்டிகளெல்லாம் அப்பாவி, நன்றாக இருந்த ஒரே பெட்டி குற்றவாளி. இந்தத் தீர்ப்பைக் கேட்டு ஒருவராவது சிரித்தாரா என்றால், இல்லை. நேற்றுவரை அண்ணியிடம் பென்சில் வாங்கி வரைந்தவர்கள் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள்.

சாமி படியிறங்கிப் போனதும் முதலாளி தரையைப் பார்த்துப் பேசினார். "கொஞ்ச நாளைக்கு வீட்ல இருங்க அண்ணி. சம்பளம் வீட்டுக்கு வந்துடும். உங்க சாமான எடுத்துவைக்க அட்டப்பெட்டி தேடித் தரேன்."

"எவ்வளவு நாளைக்கு?"

"சாமி சொல்ற வரைக்கும்."

"உங்க அண்ணன் செத்ததுக்கும் என் கைதான் காரணமா தம்பி?"

"நான் அப்படிச் சொல்லல அண்ணி."

"கீழ இருக்கிறவன் சொல்லிட்டுப் போறான். நீங்க அட்டப்பெட்டி தேடிக் குடுக்குறீங்க."

முதலாளி அட்டைப்பெட்டி எடுத்துவரப் போனார். அண்ணி இழுப்பறையைத் திறந்து ஒவ்வொன்றாக மேசை மேல் எடுத்துவைத்தார். அளவுகோல், கண்ணாடிக் கூடு, தலைவலித் தைலம். அடியில், பிரிக்காத உறையில் அந்த நீலப் பூ. கண்ணைக் குத்துகிறது என்று அன்றைக்கே உள்ளே போட்டது.

கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். செத்த பெட்டிகள் எல்லாவற்றிலும் இது இருந்தது. சாகாத பெட்டியில் இது இல்லை. மெக்கானிக் கடைக்குப் போன பெட்டியோடும் இது போகவில்லை. கழற்றி மேசை மேலேயே கிடந்தது அவருக்கு நினைவுக்கு வந்தது. சாமி கிளம்பும்போது எதை எடுத்துக்கொண்டு போகிறார்?

விளக்கைச் சொருகினார். பெட்டியைத் தூங்கவைத்தார். எழுப்பினார்.

நீலம்.

பிடுங்கினார். பெட்டியை மறுபடி ஓடவிட்டு, வரைந்துகொண்டிருந்த மாடிப்படியைத் திறந்தார். தூங்கவைத்தார். எழுப்பினார். போட்ட மாடிப்படி போட்ட இடத்தில் இருந்தது.

முதலாளி அட்டைப்பெட்டியோடு வந்து நின்றார். "என்ன பண்றீங்க அண்ணி?"

"இத நீங்க சொருகுங்க தம்பி. என் கை படவேணாம்."

அண்ணி கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் போய் நின்றார். முதலாளி சொருகினார், தூங்கவைத்தார், எழுப்பினார். அவர் முகத்தில் நீல வெளிச்சம் அடித்தது. கழற்றிவிட்டு மறுபடி செய்தார். பெட்டி எழுந்தது. இன்னொரு முறை சொருகினார். நீலம்.

"உங்க கைக்கும் தோஷம் போல" என்றார் அண்ணி.

கீழே கூடத்தில் சாமி, தன் லேப்டாப்பைப் பார்த்து வரிசை எண்ணைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அண்ணி நேராகப் போய் எதிரே உட்கார்ந்தார். முதலாளி பின்னால் நின்றார்.

"சாமி, உங்க லேப்டாப்ல காவல் விளக்கு இல்லியே?"

சாமி கூட்டத்தைப் பார்த்துப் புன்னகைத்தார். "எனக்கு எதுக்கும்மா காவல்? விஷம் என்னப் பார்த்தா ஓடும்."

கூட்டம் ரசித்துச் சிரித்தது.

"அப்ப சரி. இதச் சொருகி, தூங்கவச்சு, ஒரு தடவ எழுப்பிக் காட்டுங்க. நான் எழுந்து வீட்டுக்குப் போயிடறேன், திரும்பி வரவே மாட்டேன்."

அண்ணியின் உள்ளங்கையில் நீலப் பூவைப் பார்த்ததும் சாமியின் புன்னகை பாதியில் நின்றது. "விஷம் ஏறின விளக்க எங்கிட்ட நீட்டாதே."

"ஒறைய இப்பத்தான் பிரிச்சேன் சாமி. புதுசு. இதுல ஏது விஷம்?"

"உன் கை பட்டுருச்சே."

"என் கையுந்தான் பட்டுச்சு. நானே சொருகறேன்" என்று முதலாளி விளக்கை வாங்கிக்கொண்டு குனிந்தார்.

சாமி லேப்டாப்பின் மேல் அப்படியே கவிழ்ந்து படுத்தார். "டேய், சொருகாதே. என் கணக்கு வழக்கெல்லாம் தெறந்து கெடக்குடா. எல்லாம் போயிடும்."

துண்டுக்குள்ளிருந்த லேப்டாப்பை மெல்ல இறக்கி வைத்தார் பல் டாக்டர். "எப்படிப் போகும் சாமி? அது காவல் விளக்குதான?"

சாமி லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு தன் பையை எட்டிப் பிடிக்கப் பார்த்தார்.

பயண ஏஜெண்டின் மனைவி குடையை மடக்கி, அதன் நுனியால் சாமியின் பையைக் கவிழ்த்தாள். நீலப் பூக்கள் உருண்டன. காலையில் விஷம் உறிஞ்சியவற்றை அதற்குள் துடைத்துப் புது உறையில் போட்டிருந்தார். அந்தச் சிரித்த முகத்துக்காரர் எடுத்துப்போக, எதிர்க்கட்டடத்துக்கு அதிர்ஷ்டம் தயாராக இருந்தது. சாமி ஸ்டெதஸ்கோப்பை மேசையிலேயே விட்டுவிட்டு ஓடினார். காணிக்கைத் தட்டை மறக்காமல் எடுக்க நினைத்தவரைக் குமாஸ்தா மறக்கவைத்தார். அதாவது, தட்டைப் பிடுங்கிக்கொண்டார்.

"வெறும் விளக்கு எப்படிம்மா பெட்டியக் கொல்லும்?" என்று கேட்டார் ஆடிட்டர்.

"அது எனக்குத் தெரியாது. உள்ள என்ன வச்சிருக்கான்னு மெக்கானிக் பிரிச்சுப் பார்த்துச் சொல்லட்டும். எதனாலன்னு தெரிஞ்சுக்க, சொருகிப் பார்த்து, கழட்டிப் பார்த்தா போதும்."

முதலாளி மாடிக்குப் போய், அண்ணியின் மேசை மேல் கிடந்ததையெல்லாம் எடுத்து இழுப்பறையில் பழைய வரிசைப்படி அடுக்கினார். தைலத்தை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல் விழித்தார். தெரியட்டும் என்று அண்ணி கீழேயே கொஞ்சம் நின்றார்.

அதற்குள் அவரைச் சுற்றி ஒரு வரிசை உருவாகியிருந்தது. முன்னால் நின்றவர் ஆடிட்டர். பெட்டியை இரண்டு கையாலும் பவ்யமாக நீட்டினார்.

"உங்க கை ரொம்ப ராசியான கைன்னு பேசிக்கிறாங்க. எம்பெட்டிய ஒரு தடவ தொட்டுக் குடுங்கம்மா."

அண்ணி பெட்டியைத் தொடவில்லை. அவர் தலையைத்தான் பார்த்தார்.

"பெட்டிய அப்புறம் பாத்துக்கலாம் சார். மொதல்ல உங்க கழுத்துக்கு மேல இருக்கிறத எழுப்புங்க. அதுல எவனும் எந்த விளக்கும் சொருகல. நீங்களேதான் தூங்கப் போட்டிருக்கீங்க."