பெரிய வளையம் மட்டும் வேண்டாம் என்றாள் ரத்தினம்மா

இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. நம்பாவிட்டால் வீரமாகாளி கோயில் வாசலில் சூடம் ஏற்றுங்கள். உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்கிறேன். மாட்டுவண்டியை முதலை விழுங்கிய கதையில் நான் கொஞ்சம் கூட்டிச் சொன்னது உண்மை. வண்டியை முழுதாக விழுங்கவில்லை, ஒரு சக்கரத்தைத் துப்பிவிட்டது. இந்தக் கதையில் அப்படிக் கூட்டல் கழித்தல் எதுவும் இல்லை.

சீமையில் பெரிய சண்டை தொடங்குவதற்கு முந்திய வருஷம். சிராங்கூன் ரோட்டில் எருமைக் கொட்டில்களுக்குப் பின்னால் வடிவேலு என்று ஒருவர் மாடுகளுக்கு லாடம் அடித்துக்கொண்டிருந்தார். அவரைக் கண்டால் முரட்டுக் காளையும் தானாகப் படுத்துக்கொள்ளும். மனைவி ரத்தினம்மாவைக் கண்டால் வடிவேலு தானாக எழுந்து நிற்பார்.

மனிதருக்கு ஒரு வியாதி இருந்தது. யாராவது புதுத் தொழில் ஒன்றைப் பற்றிச் சொல்லிவிட்டால் அவருக்குத் தூக்கம் போய்விடும், அவளுக்கு ஒரு நகை போய்விடும். கல் வளையல்கள் ஓர் அன்னாசிக் கம்பெனியின் பங்கில் போய் மாட்டிக்கொண்டிருந்த சமயத்தில்தான் அவர்கள் சின்னப் பையனுக்கு வாந்திபேதி கண்டது. டாக்டரைக் கூப்பிட விற்கலாம் என்றால் வீட்டில் குண்டுமணித் தங்கம் இல்லை. கம்பெனி லாபம் கொடுக்கும்வரை வாந்திபேதி பொறுத்திருக்கவில்லை.

பையனைப் புதைத்துவிட்டு வந்த பிறகு ரத்தினம்மாவின் அம்மா வீட்டு நகைகள் ஊரிலிருந்து வந்தன: ஒரு காசுமாலை, ஓர் அட்டிகை. வந்த அன்றே அவை மறைந்தன.

"நம்ம பொண்ணு பாக்கியலட்சுமிக்குத் தலைப்பிரசவம் வருது. கிள்ளான் தோட்டத்துல கிடக்கிறா. ஒண்ணு நடந்தா டாக்டருக்குக் கொடுக்க இது இருக்கும்," என்றாள். "எங்க இருக்குன்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க."

வடிவேலு கேட்கவில்லை, தேடினார். அரிசிக்குள் கைவிட்டார். தலையணையைப் பிரித்தார். கூரையில் ஏறி, ஏறியதைவிட வேகமாக இறங்கினார். ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில், கொல்லையில்தான் புதைத்திருக்கிறாள் என்று முடிவு கட்டினார்.

அந்தச் சமயம் பார்த்து, ஏலத்தில் சாமான் எடுத்து விற்கும் ஜலாலுதீன் மரைக்காயர் ஒரு மரப்பெட்டியோடு வந்து சேர்ந்தார். ஈயம் தேட வந்த ஒரு வெள்ளைக்காரன் காய்ச்சலில் போய்விட்டானாம், இது அவனுடைய யந்திரமாம். பெட்டிக்குள் மின்சார ஜாடிகளும், செம்புக் கம்பி சுற்றிய இரண்டு வளையங்களும், காதில் வைத்துக்கொள்ள ஒரு டெலிபோன் குழாயும் இருந்தன. மண்ணுக்குள் உலோகம் இருந்தால் குழாயில் ஊளை கேட்கும்.

"கூட்டுச் சேர்றீங்களா வடிவேலு? இந்தத் தீவுல மண்ணுல விழுந்த தங்கமெல்லாம் நமக்குத்தான் லா."

"சேர்றேன் மரைக்காயரே. என் பங்குக்கான முதலே மண்ணுக்குள்ளதான் இருக்கு. அதை எடுக்கிறவரைக்கும் யந்திரம் இங்கேயே இருக்கட்டும். எந்த வளையத்தைப் போடணும்?"

"சின்னது சோத்துத் தட்டு அளவு. ஒரு சாண் ஆழந்தான் கேக்கும், ஆனா மூக்குத்தி கிடந்தாலும் சொல்லிடும். பெருசு வண்டிச் சக்கரம் அளவு. மார்பளவு ஆழம் கேக்கும். மூக்குத்தி, தாலி மாதிரி பொடிச் சாமானையெல்லாம் மதிக்காது. பானை, பெட்டின்னாத்தான் வாயைத் திறக்கும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. பெருசைப் போட்டா வீட்டுல அண்டா குண்டா எதுவும் இருக்கக்கூடாது. அதுங்களுக்கும் சேர்த்து ஊளையிடும்."

ரத்தினம்மா வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தின் சத்தம் நடுவில் கொஞ்சம் நின்றது, பிறகு தொடர்ந்தது.

வடிவேலு முதலில் சின்ன வளையத்தைப் போட்டார். அது அடிக்கு அடி ஊளையிட்டது. தோண்டிய இடத்திலெல்லாம் லாட ஆணிதான் வந்தது. அத்தனையும் அவர் கையாலேயே சிதறவிட்ட ஆணிகள். மத்தியானத்துக்குள் கொல்லை அம்மை வார்த்த முகம் போல ஆகிவிட்டது.

ரத்தினம்மா கஞ்சியோடு வந்து நின்றாள்.

"என்னங்க பண்றீங்க?"

"பழைய ஆணி பொறுக்குறேன்."

"காதுல குழாயை மாட்டிக்கிட்டா?"

"அதுங்களுக்கு ஏதாவது குறை இருந்தாச் சொல்லட்டுமேன்னுதான்."

"பொறுக்குங்க. இந்தச் சின்னதை வச்சே பொறுக்குங்க." அவள் பார்வை பெட்டியில் கிடந்த பெரிய வளையத்தின்மேல் போயிற்று. "அந்தப் பெருசு மட்டும் வேண்டாங்க."

"ஏன்?"

"வேண்டாம்னா வேண்டாம்." கஞ்சிக் கிண்ணத்தை அவர் கையில் திணித்தாள்.

வடிவேலுவுக்கு உள்ளம் குளிர்ந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து இவள் என்ன நினைக்கிறாள் என்பது அவருக்குப் பிடிபட்டதே இல்லை. இன்று பிடிபட்டுவிட்டது. ஆழத்தில் புதைத்திருக்கிறாள், அதுவும் பானையில் வைத்துப் புதைத்திருக்கிறாள். மடமடவென்று கஞ்சியைக் குடித்துவிட்டுப் பெரிய வளையத்தை மாட்டினார். அடுப்படியிலிருந்த அத்தனை பாத்திரமும் சேர்ந்து காதில் ஊளையிட்டன.

"வீட்டுல இருக்கிற பாத்திரம் பண்டமெல்லாம் வெளிய போகணும்," என்றார்.

"முடியாது. அது என் சீர். எங்க கொண்டுபோய் வைப்பேன்?"

"எங்க வேணும்னாலும் கொண்டு போ."

"எங்க வேணும்னாலுமா?"

"ஆமா."

அவள் அழுதாள். அழ அழ வடிவேலுவுக்கு உற்சாகம் கூடியது. பக்கத்து வீட்டுப் பரமசிவத்தின் மாட்டுவண்டியைக் கூப்பிட்டு, அண்டா, தவலை, தோசைக்கல், அரிவாள்மணை, குத்துவிளக்கு, தகரப் பெட்டி என்று எல்லாவற்றையும் தம் கையாலேயே ஏற்றினார். ஒரு கரண்டியைக்கூட விட்டுவைக்கவில்லை.

"நான் இங்கேயே ஓரமா உட்கார்ந்திருக்கேன்," என்றாள் ரத்தினம்மா.

"உன் மேலயும் உலோகம் இருக்கே."

மெட்டியைக் கழற்றினாள், தோட்டைக் கழற்றினாள், இரண்டையும் தகரப் பெட்டியில் போட்டாள். பிறகு, தாலியை விரலால் தொட்டபடி அவரைப் பார்த்தாள்.

"இதுவுமா?"

பெரிய வளையம் தாலியை மதிக்காது என்று மரைக்காயர் சொன்னது வடிவேலுவுக்கு மறந்துபோயிருந்தது. அவளுக்கு மறக்கவில்லை. அந்த இடத்தில் அவர் 'வேண்டாம்' என்று சொல்லியிருந்தால் அவள் அந்த வீட்டிலேயே இருந்திருப்பாள் என்றுதான் எனக்குப் படுகிறது.

"கழற்றிப் பெட்டியில போடு," என்றார்.

அவள் அழுகை நின்றது. கழற்றிப் போட்டாள். பெட்டியைப் பூட்டிவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

"நீ எங்க போற?"

"தாலி போற வண்டியில நானும் போறேன்."

வண்டி போயிற்று. வடிவேலு வளையத்தைத் தூக்கிக்கொண்டு கொல்லையைச் சுற்றினார். குழாயில் சத்தமே இல்லை. கிணற்றுக்குப் பக்கத்தில் வந்ததும் காதைப் பிளக்கும்படி ஓர் ஊளை கேட்டது. மண்வெட்டியை எடுத்தார். முழங்கால் ஆழம் போனார், இடுப்பாழம் போனார், மார்பாழமும் போனார். பொழுது சாயும் நேரத்தில் மண்வெட்டி 'ணங்' என்றது. துருவேறிய வண்டிச்சக்கரப் பட்டை ஒன்று முழு வட்டமாக அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

பரமசிவம் காலி வண்டியோடு திரும்பி வந்து, குழியின் விளிம்பில் குந்தினார்.

"சாமானெல்லாம் எங்க?" என்று உள்ளேயிருந்து கேட்டார் வடிவேலு.

"கப்பல்ல."

"எந்தக் கப்பல்ல?"

"கிள்ளான் கப்பல்ல. துறைமுகத்துக்கு விடுங்கன்னு மதினி சொன்னுச்சு. எங்க வேணும்னாலும் போகலாம்னு நீங்களே உத்தரவு கொடுத்தீங்களாமே அண்ணே."

"நகை இங்கதானே இருக்கு?"

பரமசிவம் தலையைச் சொறிந்தார். "குத்துவிளக்கைக் கவுத்துச்சு. அடிப்பக்கம் அரக்கு வச்சு அடைச்சிருந்துச்சு. உடைச்சு எடுத்து மடியில கட்டிக்கிச்சு. ஒரு காசுமாலை, ஒரு அட்டிகை. விளக்கை ஏத்துறப்ப கனமா இல்லையாண்ணே?"

வடிவேலு மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தார். இடுப்பு இன்னும் வலித்துக்கொண்டிருந்தது.

"இன்னொண்ணு," என்றார் பரமசிவம். "வழியெல்லாம் சனங்க மதினியோட வெறுங்கழுத்தைப் பார்த்தாங்க. காலையும் பார்த்தாங்க, மெட்டி இல்லை. வீட்டுச் சாமானெல்லாம் வண்டியில. 'எப்ப நடந்துச்சு, எப்படி நடந்துச்சு'ன்னு கேட்டாங்க. மதினி வாயைத் திறக்கலை."

"நீ சொல்லக்கூடாதா, நான் உசுரோட இருக்கேன்னு?"

"நான் வண்டி ஓட்டுறவன். உங்க குடும்ப விஷயத்துல நான் எப்படிண்ணே தலையிடுறது?"

அதற்குள் வாசலில் ஒப்பாரி கேட்டது. தெருப் பெண்கள் மாரடித்துக்கொண்டு கொல்லைக்கு வந்தார்கள். முன்னால் எதிர்வீட்டு லட்சுமி, கையில் மூடிய சோற்றுப்பானை. சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது, அக்கம்பக்கத்தார்தான் சமைத்துக் கொண்டுவர வேண்டும். குழிக்குள் மார்புவரை நின்ற வடிவேலுவைப் பார்த்ததும் ஒப்பாரி பாதியில் அறுந்தது.

"நீங்க சாகலையா?" என்று கேட்டாள் லட்சுமி. அவள் குரலில் இருந்தது சந்தோஷம் என்று சொல்ல முடியாது.

"இல்லம்மா."

"எழவு வீட்டுக்குன்னு சமைச்சது. திரும்ப எங்க வீட்டுக்குள்ள கொண்டுபோகக் கூடாதே. இதை இப்ப என்ன பண்றது?"

வடிவேலு வீட்டுப் பக்கம் பார்த்தார். உள்ளே சோறாக்க ஒரு பானை இல்லை, கிளற ஒரு கரண்டி இல்லை. மத்தியானம் குடித்த கஞ்சி குழியோடு போயிருந்தது. மெல்ல மேலேறி வந்து, பெண்களின் நடுவே சப்பணமிட்டு உட்கார்ந்து, தம் சாவுக்கு வந்த சோற்றை இலையில் வாங்கிக்கொண்டார்.

கிள்ளானில் பாக்கியலட்சுமிக்குப் பிரசவம் கடுமையாகத்தான் இருந்ததாம். ஆனால் டாக்டர் வந்தார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ரத்தினம்மா திரும்பி வரவில்லை.

இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், யார் சொன்னது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஏனென்றால் வடிவேலு அன்று பந்தியில் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். அதைக் கேட்ட ஆண்பிள்ளை நான் ஒருவன்தான், பக்கத்து இலை என்னுடையது.

"இன்னும் கொஞ்சம் சோறு போடும்மா," என்றார்.