உயிரோடு இருக்கும் மாப்பிள்ளைக்கு

ராஜகீழ்ப்பாக்கம்,
10.11.2006

அன்புள்ள மாப்பிள்ளை ஸ்ரீரங்கன் அவர்களுக்கு மைத்துனன் பொன்னுரங்கம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான் சர்க்கரையோடும் மூட்டுவலியோடும் சௌக்கியம். நாக்பூரில் தாங்களும் தங்கை தனக்கோடியும் நலமாக இருக்க வேண்டும். குறிப்பாகத் தாங்கள் நீண்ட காலம் இருக்க வேண்டும். காரணம் கீழே.

முப்பத்தைந்து வருடம் வாத்தியாராக இருந்தவனிடம் பிள்ளைகள் கேட்காத கேள்வி இல்லை. ஆனால் போன ஞாயிறு ஒன்பது வயது ஜீவிதா கேட்டதற்கு இன்னும் நான் திணறுகிறேன். "இவராச்சும் நெஜமா செத்துட்டாரா சார்?"

இவர் என்றது தங்களைத்தான். நான் மாலையில் பாடம் சொல்லித்தரும் குழந்தைகள் இல்லத்தில், தங்கள் அறுபதாவது பிறந்தநாளுக்கு வடை பாயசத்தோடு சாப்பாடு போட ஏற்பாடு செய்தீர்கள் அல்லவா, சோறு போடுகிறவர் யாரென்று பிள்ளைகளுக்குத் தெரியட்டும் என்று சட்டம் போட்ட படமும் அனுப்பினீர்கள் அல்லவா, அங்கேதான் வினை. அந்த இல்லத்தில் பிறந்தநாள்காரர் நேரில் வந்து கேக் வெட்டுவார். படமாக வருகிறவர் போய்ச் சேர்ந்தவர். சமையல்காரர் மாரிக்கு அதுதான் பழக்கம். கேம்ப் ரோடு நெரிசலில் மாட்டி அரைமணி தாமதமாக நான் நுழைகிறேன், தங்கள் நெற்றியில் குங்குமம், கழுத்தில் சம்பங்கி மாலை, முன்னால் விளக்கு, நாற்பது பிள்ளைகள் கண்மூடித் தங்கள் ஆன்ம சாந்திக்கு வேண்டிக்கொண்டு நிற்கிறார்கள், வார்டன் ஞானசௌந்தரி அம்மாள் கண்ணைத் துடைத்தபடி, "அறுபதெல்லாம் ஒரு வயசா சார்" என்கிறார். "காலையில்தான் போன் செய்து வடை மெத்தென்று இருக்க வேண்டும் என்று சொன்னார், அம்மா" என்றேன். மாரி பதறிப்போய் மாலையைக் கழற்றி, வீணாக்க மனமின்றி என் கழுத்தில் போட்டார்.

அப்போதுதான் அந்தக் கேள்வி. "இல்லம்மா, அவர் நல்லா இருக்கார்" என்றேன். "அப்ப எங்கம்மா மாதிரி" என்று சொல்லிவிட்டுப் பாயசத்தைக் குடித்தாள்.

இல்லத்துப் பதிவேட்டில் அவளுக்குத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு, கோவளத்தில் மீன் விற்கும் கங்கம்மா வறுத்த மீனோடு பார்க்க வருவாள். சித்தி என்பார்கள். எதற்கும் உதாரணம் தேடுகிற புத்தி எனக்கு. சித்தி என்றாலே கொடுமைக்காரி என்று நினைக்கக்கூடாது, ஜீவிதாவின் சித்தியைப் பாருங்கள் என்று வகுப்பிலேயே சொல்லியிருக்கிறேன். அவள் தலை குனிந்தாள். வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன். மாப்பிள்ளை, அன்று வார்டனைத் தனியாகக் கேட்டபோதுதான் தெரிந்தது, அந்தச் சித்திதான் தாய். தகப்பன் இறந்துபோனான், விடியுமுன் கரைக்குப் போகிறவளுக்குப் பிள்ளையை விட்டுப்போக ஆள் இல்லை, இருவரும் இல்லாத பிள்ளைகளுக்குத்தான் இங்கே இடம் என்றார்கள், யாரோ யோசனை சொன்னார்கள், காகிதத்தில் தாயும் செத்துப்போனாள். இரண்டு வருடமாகப் பெற்றவளைச் சித்தி என்று கூப்பிடுகிறது அந்தப் பிள்ளை. ஏழையாய்ப் போனதற்காக ஒருத்திக்கு மாலை போட்டுவிடுவதா? திங்கட்கிழமை குழந்தைகள் நலக் குழுவுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். தாயோடு இருப்பது அந்தப் பிள்ளையின் உரிமை.

தனக்கோடிக்கு என் ஆசிகள். தங்களுக்கு ஆயுளை மட்டும் வேண்டிக்கொள்கிறேன். நாற்பது பிள்ளைகள் வேண்டியதை நான் ஒருவனாக ரத்து செய்தாக வேண்டும்.

இப்படிக்கு,
பொன்னுரங்கம்

பி.கு.: தபாலில் சேர்க்குமுன் இன்று காலை இரண்டு பஸ் மாறிக் கோவளம் போனேன். கங்கம்மா கத்தியைக் கீழே வைக்காமலே கேட்டுவிட்டுச் சொன்னாள். "உயிரோட கீறேன்னு எழுதினா புள்ளைய வெளிய அனுப்சிடுவாங்க சார். அது பத்தாவது முடிக்கிற வரிக்கும் நான் செத்தே இருந்துட்டுப் போறேன். நீங்க கம்முனு இருங்க." கையில் மீன் பொட்டலத்தோடு திரும்பி வந்தேன். ஆகவே திங்கட்கிழமை பற்றி மேலே எழுதியதை அடித்துவிடுங்கள். வார்டனும் கங்கம்மாவும் நானும் ஆளுக்கொன்று தீர்மானித்துவிட்டோம். ஜீவிதாவை யாரும் கேட்கவில்லை. டிசம்பரில் வரும்போது படம் வேண்டாம், தாங்களே வாருங்கள். உனக்கு யார் இருக்காங்க என்று எல்லோரும் கேட்பதைக் கேட்காதீர்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்கம்மா எப்படி இருக்காங்க?" என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். பதில் வரும்வரை எழுந்திருக்காதீர்கள்.