தில்லைநாயகம் முகவிளக்குத் துலக்கிய படலம்

வாழ்க தில்லைநாயகம்! பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடல் சேரும் பொருநையின் நீர் குடித்துத் திரண்ட தோளினர். தச்சநல்லூர்த் தெருவொன்றின் நான்காம் வீட்டுக்கு உடையவர். மின்வாரியத்தில் இருபத்தெட்டு ஆண்டுகளாக, மழையென்றும் காற்றென்றும் பாராமல், ஊரார் வீட்டு விளக்கு அணைந்த போதெல்லாம் கம்பமேறி ஒளி மீட்ட கொற்றவர். ஊருக்கெல்லாம் வெளிச்சம் கொடுத்துவிட்டுத் தம் காரின் இரு கண்ணிலும் வெளிச்சமற்று நின்ற வள்ளல்! அவர் வாழ்க, அவர் வலக்கை பற்றிய உப்புத்தாள் வாழ்க, அதை நனைத்த நீலநிறப் பிளாஸ்டிக் வாளியும் வாழ்க. இப்பெரும்போரைச் சொல்லப் புகுந்த என் நாக்கு குழறாதபடி ஆனைமுகத்தான் பார்த்துக்கொள்வானாக.

நாட்டு வளமும் நகர வளமும் பாடிய பிறகே தலைவனிடம் வரவேண்டும் என்பது மரபு. சித்திரை வெயில் காலை ஒன்பது மணிக்கே உச்சந்தலையில் ஏறி உட்காரும் ஊரில் அதற்கெல்லாம் யாருக்குப் பொறுமை இருக்கிறது? நேரே தேருக்கு வருவோம்.

செந்நிறச் சிறுதேர், அகவை பதினான்கு, கொட்டகை கண்டறியாதது. பதினான்கு கோடைகளும் பதினான்கு ஐப்பசி மழைகளும் முறைவைத்துத் தாக்கியதில், ஒருகாலத்தில் கன்னிப்பெண்ணின் கண்போல் மின்னிய அதன் முகவிளக்குகள் இரண்டும் மஞ்சள் பூத்து, மங்கி, மூன்று வருஷத்து எலுமிச்சை ஊறுகாய் ஜாடியைப் போல ஆகிவிட்டன. அதுகூடப் பெரிதில்லை. சென்ற மாசியில், சேரன்மகாதேவியில் ஒரு கல்யாண வரவேற்பு முடிந்து அந்திக்கருக்கலில் திரும்புகையில், சாலை நடுவே எருமையொன்று படுத்திருக்கக் கண்டு தேரை நிறுத்தி, ஆரன் ஒலித்து, அது அசையாதது கண்டு இரக்கம் மேலிட்டு, "போ தாயி, எந்திரிச்சுப் போ" என்று நம் கோமான் ஐந்து நிமிடம் மன்றாடினாரே, அதுதான் பெரிது. பின் இருக்கையில் இருந்த மைத்துனர் கோமதிசங்கர் இறங்கிப்போய்த் தொட்டுப்பார்த்தார். அது வைக்கோல்.

அன்றுமுதல் காதுகுத்து, கிரகப்பிரவேசம், பதினாறாம் நாள் விசேஷம் என எங்கு கூடினாலும் கோமதிசங்கர் அந்த வைக்கோலின் வரலாற்றை, தில்லைநாயகத்தின் குரலிலேயே நடித்துக்காட்டி, கேட்டவர் வயிறு வலிக்கச் செய்துவந்தார். இந்நிலையில்தான் ஞாயிற்றுக்கிழமை திருச்செந்தூருக்குக் குடும்பத்தோடு போவதென முடிவாயிற்று. கோமதிசங்கரோ பளபளவெனப் புதுக்கார் வாங்கியிருந்தார். எந்தத் தேர் போவது? கூடத்தில் நின்று, கையில் அரிவாள்மணை ஏந்தி, இல்லத்தரசி வடிவம்மாள் முழங்கினாள்: "சனிக்கிழமை பொழுது அடையதுக்குள்ள லைட்டு பளிச்சினு ஆச்சுன்னா உங்க வண்டி. இல்லைன்னா என் தம்பி வண்டி. அம்புட்டுதான்."

தம்பி வண்டி என்றால் என்ன பொருள் என்பதைத் தில்லைநாயகம் ஒருகணத்தில் கண்டார். ஓட்டுநர் இருக்கை போயிற்று. பின்வரிசையில், இருவருக்கு நடுவே, முழங்கால் மோவாயில் இடிக்க, மடியில் புளியோதரைத் தூக்குச்சட்டி வைத்து, போகவர நூற்றுப்பத்துக் கிலோமீட்டரும் வைக்கோல் கதை கேட்டுவரும் கோலம் அவர் அகக்கண்ணில் விரிந்தது. பதினான்கு ஆண்டு பிறர் கையில் சாவி கொடுக்காதவர் அவர்.

ஆகவே சனிக்கிழமை காலை, வேட்டியை மடித்துக்கட்டி, நெற்றியில் முப்பட்டை துலங்க, தலையில் ஈரத்துண்டு முடியெனச் சூடி அவர் களம் புகுந்தார். செல்போனில் வெள்ளைக்காரன் ஒருவன் பதினொரு நிமிடத்தில் இதைச் செய்துமுடித்ததைப் பன்னிரண்டு முறை பார்த்துக் கற்ற வித்தை அவரிடம் இருந்தது. முதலில் சோப்புநீரால் நீராட்டினார். பின், பெயின்ட் கெடாதபடி விளக்கைச் சுற்றி ஒட்டவேண்டிய காகித நாடாவுக்கு மாற்றாக, மின்வாரியத்தார்க்கு வாழ்நாளெல்லாம் துணைநிற்கும் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றினார். மை தீட்டிய கண்கள் இரண்டும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தன.

அதன்பின் எழுந்தது போர். எண்ணூறாம் நம்பர் உப்புத்தாளெனும் முன்னணிப் படை, வாளிநீரில் மூழ்கி எழுந்து, மஞ்சட்பகையின் மேல் பாய்ந்தது. சர்ரு சர்ரெனும் பேரொலி தெருவை நிறைத்தது. மஞ்சள் உதிரம் பம்பரின் வழியே வழிந்து தரையில் ஓடியது. எண்ணூற்றுவர் களைத்து ஒதுங்க ஆயிரத்தைந்நூற்றுவர் வந்தனர். அவர்களும் தேய்ந்து மடிய இரண்டாயிரவர் வந்தனர். இடப்புறம் முடித்து வலப்புறம், குந்தியும் மண்டியிட்டும், இடையில் இரண்டு சொம்பு மோர் மட்டுமே உண்டு, தில்லைநாயகம் தேய்த்தார், தேய்த்தார், தோள்கள் இரண்டும் தம்முடையவை அல்ல என்று தோன்றும்வரை தேய்த்தார். பிறகு துடைத்துப் பார்த்தார்.

ஐயகோ! மஞ்சளாக இருந்தது இப்போது வெள்ளையாகிவிட்டது. முன்பாவது உள்ளே ஒரு பல்பு இருப்பது தெரியும். இப்போது அதுவும் தெரியவில்லை. உப்புத்தாள் முதலில் இப்படித்தான் பாலாடையாக்கும், அதன் பிறகே மெருகு ஏற்றவேண்டும் என்பதை வெள்ளைக்காரன் சொல்லத்தான் செய்தான். ஆனால் அதைப் பார்க்க வந்தவர்கள் யாரும் வெள்ளைக்காரனைக் கேட்டவர்கள் அல்லர். எதிர்வீட்டு ஆசிரியர் நேசையா வாசலில் நின்றபடி தீர்ப்புரைத்தார்: "என்ன வே, மாலைக்கண்ணுன்னு சொன்னீரு. இப்ப முழுசால்லா அவிச்சிப்புட்டீரு!" சத்தம் கேட்டு வெளியே வந்த வடிவம்மாள், "பளிச்சினு ஆக்கச் சொன்னா சுண்ணாம்பு அடிச்சு வச்சிருக்கீங்களே" என்று சொல்லிவிட்டு, தம்பிக்குப் போன் செய்ய உள்ளே போனாள்.

மானம் காக்கும் கடைசிப் படைக்கலம் ஒன்று எஞ்சியிருந்தது. பற்பசை! குளியலறையிலிருந்து அதை உருவி, துணியில் பிதுக்கி, இடக்கண்ணில் இட்டு வட்டம் வட்டமாக அவர் தேய்க்கத் தேய்க்க, மேகம் விலகுவது போல வெண்மை விலகி, கண்ணாடி தெளிந்து, அதில் தம் முகமும் மீசையும் தோன்றக் கண்டார் தில்லைநாயகம். ஆனந்தக் கண்ணீர் துளிர்த்தது என்று சொன்னால் மிகையில்லை. ஆனால் விதி சும்மா இருக்குமா? இடக்கண் முழுதும் ஒளிபெற்ற வேளையில் டியூப் தீர்ந்தது. நசுக்கினார், சுருட்டினார், கத்தரியால் பிளந்து வழித்தார். ஒரு சொட்டு இல்லை. தெருமுனைக் கடைக்கு ஓடினார். அங்கே பச்சைநிற ஜெல் மட்டுமே இருந்தது. வாங்கிவந்து தேய்த்தார். அது வழுக்கியது, மணத்தது, வேறொன்றும் செய்யவில்லை.

மணி ஐந்து. ஆறுக்குக் கோமதிசங்கர் வந்துவிடுவார். ஒற்றைக்கண்ணோடு நின்றது தேர். அதன் முன்னே வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தார் நம் கொற்றவர். கம்பத்தில் ஏறி இடிமின்னலைப் பார்த்தவர், ஒரு டியூப் பேஸ்ட்டிடம் தோற்ற வருத்தத்தில் தலைகுனிந்திருந்தார்.

அதைச் சன்னல் வழியே கண்டாள் வடிவம்மாள். இருபத்தாறு வருஷம் உடனிருந்தவள்; அந்தக் குனிந்த தலை அவளுக்குப் பொறுக்கவில்லை. தம்பி வண்டியில் முன் இருக்கை தம்பி மனைவி வேணிக்கு உரியது என்பதும், அதே நேரத்தில், தற்செயலாக நினைவுக்கு வந்தது. நீதிபதியின் ஆசனத்தை விட்டெழுந்தாள். முந்தானையை இடுப்பில் செருகி, கையில் ஒரு பொட்டலமும் பழைய பருத்திச் சேலைக் கிழிசலும் ஏந்தி, களத்தின் நடுவே தோன்றினாள்.

"நம்ம வீட்டு வெள்ளி விளக்கு எத்தனை வருசமா பளபளன்னு இருக்கு? எதைப் போட்டுத் துலக்குதேன்னு என்னைக்காவது கேட்டிருக்கீங்களா? தள்ளுங்க."

பொட்டலத்தில் இருந்தது திருநீறு. நெற்றிக்கு உரியதைக் காரின் கண்ணுக்கு இடுவதா என்று சைவக்கொழுந்தாகிய தில்லைநாயகம் ஒருகணம் பதறினார். ஆனால் அது பூசைத்தட்டுத் திருநீறன்று, வெள்ளிச்சாமான் துலக்கவென்றே அவள் தனியே வாங்கிவைக்கும் பொட்டலம் என அறிந்து பைய விலகி வழிவிட்டார். இரண்டு சொட்டு நீரில் அதைக் குழைத்து, குத்துவிளக்கின் தண்டைத் தேய்க்கும் அதே மணிக்கட்டுச் சுழற்சியில், வடிவம்மாள் தேய்த்தாள். முனகவில்லை, மோர் கேட்கவில்லை, வெள்ளைக்காரனை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. கால் மணி நேரத்தில் வலக்கண் துலங்கியது. உள்ளதைச் சொல்வதென்றால், இடக்கண்ணைவிட ஒருபடி கூடுதலாகவே துலங்கியது. தில்லைநாயகம் அதைக் கவனித்தார். இடக்கண்ணை மட்டும் வேட்டி நுனியால் இன்னொரு முறை துடைத்துவைத்தார்.

கருக்கலில் வந்திறங்கினார் கோமதிசங்கர். நேசையா நடுவராக நாற்காலி போட்டு அமர்ந்தார். தில்லைநாயகம் தேரேறி, திசைகளை வணங்கி, விசையைத் திருகினார். பாய்ந்தது ஒளி! எதிர்ச்சுவரில் வெள்ளமாய் விழுந்த அந்த வெளிச்சத்தில், சுண்ணாம்பு வெடிப்பும், வெடிப்பிலிருந்த பல்லியும், பல்லி குறிவைத்திருந்த பூச்சியும் தெளிவாகத் தெரிந்தன. கோமதிசங்கர் கண் கூசி, கையால் முகத்தை மறைத்துக்கொண்டார். பின்பு ஆண்மையோடு அறிவித்தார்: "அத்தான், ஒத்துக்கிடுதேன். இனி வைக்கோலு வைக்கோலாத்தான் தெரியும். நாளைக்கு உங்க வண்டியிலயே போவோம்."

அந்த இரவு தில்லைநாயகம் தோள் இரண்டிலும் தைலம் பூசிக்கொண்டு அரசனைப்போல் உறங்கினார். விடிந்ததும், ஒவ்வொரு முறையும் முகவிளக்கின்மேல் சந்தனமும் குங்குமமும் அப்பி வழியனுப்பும் வடிவம்மாள், இம்முறை கண்ணாடியில் ஒரு துளியும் படாமல் பானெட்டின் நடுவே சின்னதாய் ஒரு பொட்டு வைத்துவிட்டு, தன் முன் இருக்கையில் ஏறி அமர்ந்தாள். பின்வரிசை நடுவில், மடியில் தூக்குச்சட்டியோடு, கோமதிசங்கர் ஒடுங்கினார். ஏ இருளே, எங்கே ஒளிவாய்! ஏ எருமைக் கூட்டமே, வைக்கோல் குவியலே, இனி உங்கள் மாயம் பலிக்குமோ! பொருநைக் கரையின் வாழைத்தோட்டங்கள் தலைசாய்த்து வழிவிட, இருபெருஞ்சுடர் ஏந்திய செந்தேர், ஒளிமீட்ட கோமான் சாரதியாய் வீற்றிருக்க, பகையிருளைக் கிழித்தெறியும் பேராவலோடு செந்தூர் நோக்கிப் புறப்பட்டது.

காலை ஆறரைக்குக் கிளம்பியவர்கள் சாமி கும்பிட்டுவிட்டு மதியம் இரண்டு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டதால், லைட்டைப் போடவே இல்லை.