சிசிடிவி மாஸ்டரின் முதுகு வலி

தன் நிழல் பின்னால் வந்தாலும் ஆதார் அட்டை கேட்கக்கூடியவர் திருப்பூரில் ஒருவர்தான்: எங்கள் பனியன் கம்பெனியில் சாம்பிள் தைப்பவர். கம்பெனியே அவருக்கு வைத்த பெயர் சிசிடிவி மாஸ்டர்.

வெளிநாட்டுக்குப் போகும் டிசைனை முதலில் தைப்பவர் அவர்தான். அதைத் திருட அடுத்த கம்பெனிக்காரன் எந்நேரமும் ஆள் அனுப்புவான் என்பது அவரது அசைக்க முடியாத நம்பிக்கை. தைக்கும்போதே காலரைத் துண்டால் மூடுவார். லேப்டாப்பில் ஆர்டர் கணக்குப் பார்க்கும் வேலைக்கு நான் சேர்ந்த அன்று அவர் கேட்ட முதல் கேள்வி: "இஞ்சினீயரிங் படிச்சுப்போட்டு இங்கெதுக்குங் கண்ணு வந்தீங்க? ஆரு அனுப்புனாங்க?"

அப்பேர்ப்பட்டவருக்குப் போன ஆடியில் மேல்முதுகில், தோள்பட்டைகளுக்கு நடுவே, வலி வந்தது. உடனே விசாரணை தொடங்கிவிட்டது. முதல் குற்றவாளி தலையணை. "ஊட்டுல ஆரோ பஞ்ச மாத்திட்டாங்க. கேட்டா ஒண்ணுந் தெரியாதுங்கறாங்க!" அடுத்தது பைக், சர்வீஸுக்கு விட்ட இடத்தில் ஹேண்டில்பாரைத் தாழ்த்திவிட்டார்களாம். கடைசியில், நாற்காலியை மாற்றிவிட்டதாக என்மீதே வழக்கு. இனி யாரும் மாற்றினால் தெரியட்டும் என்று அதன் அடியில் தையல் சாக்பீஸால் கையெழுத்துப் போட்டு வைத்தார்.

வலி நின்றபாடில்லை. ஒரு நாள் மாஸ்டர் என்னிடம் வந்து சொன்னார்: "மாசக் கடைசியோட நின்னுக்கறேனுங்க. காங்கேயத்துல மச்சானோட எண்ணெய் மில்லுல வாட்ச்மேன் வேலை இருக்குது."

பொருத்தமான வேலைதான். ஆனால் அவர் கை படாத சாம்பிளை, ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையர் திருப்பி அனுப்பிவிடுவாரே! பிசியோதெரபிக்கு இழுத்துப் போனேன்.

அங்கே பிசியோதெரபி செய்யும் பெண் முதுகை அழுத்த அழுத்த, மாஸ்டர் வெடுக் வெடுக்கென்று திரும்பினார்.

"ஏனுங்கண்ணா, எதுக்குத் திரும்பறீங்க?"

"நீங்க என்ன பண்றீங்கன்னு பாக்கோணுமல்லங்க?"

"தைக்கறப்பவும் இப்படித்தானுங்களா?"

"கதவு பின்னால இருக்குதுங்களே!"

நாளெல்லாம் கூன்போட்டுத் தைப்பதும், நடுவே இப்படித் திருகுவதும்தான் வலிக்குக் காரணம் என்றார் அந்தப் பெண். நிமிர்ந்து உட்காரணும், அவ்வப்போது எழுந்து நடக்கணும், வெடுக்கென்று திரும்பவே கூடாது.

வெளியே வந்ததும் மாஸ்டர் என் காதைக் கடித்தார். "திரும்பக் கூடாதுங்குதே இந்தப் புள்ள, இதும் அவனுக ஆளா இருக்குமோ?"

மறுநாள் மெஷினைக் கதவு பார்த்துத் திருப்பிப் போட்டோம். "இப்ப ஜன்னல் பின்னால வந்துருச்சே!" சுவருக்கு முதுகு காட்டிப் போட்டோம். "சுவத்துக்கு அந்தப் பக்கம் ஆரு இருக்கறாங்க?" மெஷின் பழைய இடத்துக்கே வந்தது. எனக்கு மூச்சு வாங்கியது. மாஸ்டர் துண்டை உதறியபடி என்னையே உற்றுப் பார்த்தார்.

"கண்ணு, அந்த லேப்டாப்ப எடுத்துக்கிட்டு எனக்குப் பின்னால வந்து உக்காருங்க. கதவ நீங்க பாத்துக்கங்க."

மாஸ்டர் காங்கேயம் போகவில்லை. நானும் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறேன். சும்மா சில சமயம் இருமிப் பார்ப்பேன், நாற்காலியைக் கிறீச்சென்று இழுத்தும் பார்ப்பேன். இன்றுவரை மனிதர் திரும்பவில்லை.